ஊறுகாய்ப்புல் (காற்றில்லாச் செரிமான இடுபொருள்)

ஊறுகாய்ப்புல் என்பது பசும்புல்லை நறுக்கி, காற்றுப் புகாதவாறு இறுக்கி மூடி, தானே புளிக்கவிட்டுப் பதப்படுத்திய பொருள் ஆகும். இது பதனப் பசுந்தீவனம் என்றும், பேச்சு வழக்கில் சைலேஜ் என்றும் அழைக்கப்படுகிறது. கால்நடைத் தீவனமாகவே பரவலாக அறியப்பட்ட ஊறுகாய்ப்புல், எரிவாயு உண்டாக்கும் கலன்களுக்கு இடுபொருளாகவும் பயன்படுகிறது. ஆக்சிசன் இல்லாத சூழலில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைத்து, மெத்தேன் கலந்த எரிவாயுவை உண்டாக்கும் நிகழ்வு காற்றில்லாச் செரிமானம் எனப்படும். சாண எரிவாயுக் கலன்களில் நடைபெறுவதும் இதுவே. இக்கட்டுரையில் அத்தகைய கலன் செரிகலன் எனக் குறிக்கப்படுகிறது.

புல் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் விளைவதில்லை. ஆனால் செரிகலனுக்கு நாள்தோறும் இடுபொருள் தேவை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்புவதே ஊறுகாய்ப்புல்லின் பணி. இதன் அறிவியலும் செய்முறையும் கீழே தரப்பட்டுள்ளன. உவர்நீரும் உவர்நிலமும் சூழ்ந்த இடத்தில் இம்முறைக்கு எழும் சிறப்புச் சிக்கல்களை விளக்க, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மரக்காணம் உப்பளக் கடற்கரையின் நிலைமைகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

பெயர்

தமிழில் ஊறுகாய்ப்புல் என்ற சொல் பொருத்தமானதே எனினும், அது ஒரு குழப்பத்திற்கும் இடமளிக்கிறது. மாங்காய் ஊறுகாயைக் கெடாமல் காப்பது முதன்மையாக உப்பு. ஊறுகாய்ப்புல்லைக் காப்பது உப்பு அன்று. புல்லில் உள்ள சர்க்கரையிலிருந்து நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அமிலமும், காற்று இல்லாமையும் ஆகும். அவ்வகையில் இது ஊறுகாயைவிட, புளித்த இட்லி மாவிற்கும் தயிருக்கும் நெருங்கியது. இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. உப்பு மலிவாகக் கிடைக்கும் கடற்கரையில், புல்லில் உப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை இதில்தான் அடங்கியுள்ளது.

வரலாறு

பசுந்தீவனத்தைக் குழியில் இட்டு மூடிவைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. இதற்கு அறிவியல் முறையிலான செல்வாக்கு 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. பிரான்சைச் சேர்ந்த ஆகுஸ்த் கொஃபார் மக்காச்சோளத்தை ஊறவைத்துச் சேமிப்பது பற்றி 1877இல் வெளியிட்ட நூல் பல நாடுகளில் கவனம் பெற்றது. பின்லாந்தின் வேதியியலாளர் ஆர்த்துரி இல்மாரி விர்த்தானன், பசுந்தீவனத்தில் அமிலத்தைச் சேர்த்துக் கெடாமல் காக்கும் முறையை உருவாக்கினார். வேளாண் வேதியியலிலும் ஊட்டச்சத்து வேதியியலிலும் செய்த ஆய்வுகளுக்காக, குறிப்பாக இத்தீவனப் பாதுகாப்பு முறைக்காக, அவருக்கு 1945ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியாவில் எரிவாயுக் கலன்களின் வரலாறு பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897இல் தொடங்கியதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் மிதக்கும் உருளை வகைக் கலனை நாடு முழுவதும் பரப்பியது. இக்கலன்கள் மாட்டுச் சாணத்திற்காக வடிவமைக்கப்பட்டவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கப்பட்ட அஸ்த்ரா என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையம், இலை, களை போன்ற தாவரப் பொருள்களை நேரடியாகச் செரிக்கும் கலன்களையும் பின்னாளில் ஆராய்ந்தது. சாணக் கலனில் இலைதழைகளை இட்டால் அவை மிதந்து மேலே தடித்த ஏடாகப் படிவதே அந்த ஆய்வுகள் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கலாகும்.

பயிர்களை ஊறவைத்து எரிவாயு உண்டாக்குவது பெருந்தொழிலாக வளர்ந்த நாடு ஜெர்மனி. அந்நாட்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் 2004இல் திருத்தப்பட்டபோது, ஆற்றலுக்காக விளைவிக்கும் பயிர்களுக்குக் கூடுதல் விலை வழங்கப்பட்டது. இதனால் மக்காச்சோளச் சாகுபடி பெருகி, நிலத்திற்கான போட்டி எழுந்தது. எனவே 2012 முதல் புதிய கலன்களில் மக்காச்சோளம், தானியம் ஆகியவற்றின் பங்கு 60 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என வரம்பு விதிக்கப்பட்டது. மக்காச்சோளத்திற்கு மாற்றாகப் புல்வெளிப் புல்லை ஊறவைத்துப் பயன்படுத்தும் கலன்கள் ஜெர்மனியிலும் ஆத்திரியாவிலும் இயங்கி வருகின்றன. அயர்லாந்தில் இதுபற்றி விரிவான ஆய்வுகள் நடந்துள்ளன.

இந்தியாவில் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுவை ஊக்குவிக்கும் சதத் திட்டம் 2018 அக்டோபரில் தொடங்கப்பட்டது. நகர எரிவாயு வழங்கலில் இவ்வாயுவைக் கட்டாயமாகக் கலக்கும் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது; 2025-26ஆம் நிதியாண்டிற்கு 1 விழுக்காடு என்பது இதன் தொடக்க அளவு. ஆந்திரப் பிரதேசத்தின் பிரகாசம் மாவட்டத்தில் கனிகிரி அருகே, தரிசு நிலத்தில் நேப்பியர் புல்லை வளர்த்து எரிவாயு உண்டாக்கும் ஆலைக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஊறவைப்பதன் தேவை

புல்லைச் சேமிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று உலர்த்தி வைக்கோல் போலாக்குவது, மற்றொன்று ஊறவைப்பது. உலர்த்திய புல் செரிகலனில் மெதுவாகவே சிதைகிறது, எளிதில் மிதக்கிறது, அதை மீண்டும் நனைக்க நீரும் தேவைப்படுகிறது. மேலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விளையும் புல்லை அக்காலத்திலேயே உலர்த்துவது அரிது. ஊறவைத்த புல்லில் ஈரம் நிலைத்திருக்கிறது. அதன் சர்க்கரையில் ஒரு பகுதி முன்னரே கரிம அமிலங்களாக மாறியிருக்கிறது. இவ்வமிலங்கள் செரிகலனில் மெத்தேனாக மாறக்கூடியவை. அதாவது, புல்லைக் கெடாமல் காத்த அதே பொருளே பின்னர் எரிவாயுவாகிறது.

புளித்தலின் வேதியியல்

மூடிய குவியலினுள் நடப்பதை நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதற்கட்டம்: சிக்கிக்கொண்ட காற்றில் உள்ள ஆக்சிசனைப் புல்லின் உயிரணுக்கள் சுவாசித்துத் தீர்க்கின்றன. இதில் சர்க்கரை எரிந்து வெப்பமாக வீணாகிறது. நன்கு மிதித்து இறுக்கினால் இக்கட்டம் சில மணி நேரத்தில் முடியும்.

இரண்டாம் கட்டம்: லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகி, சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். மதிப்பு ஏறத்தாழ 6இலிருந்து 4 அளவிற்கு இறங்குகிறது. இதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.

மூன்றாம் கட்டம்: அமிலத்தன்மை மிகுந்ததால் பெரும்பாலான நுண்ணுயிரிகள் செயலிழக்கின்றன. காற்றுப் புகாதவரை இந்நிலை பல மாதங்கள் நீடிக்கும்.

நான்காம் கட்டம்: பயன்படுத்துவதற்காகத் திறந்ததும் காற்று உட்புகுகிறது. நொதி, பூஞ்சணம் முதலியவை வளர்ந்து, அமிலத்தை உண்டு, குவியலைச் சூடேற்றுகின்றன.

இரண்டாம் கட்டம் எந்த நுண்ணுயிரியின் கையில் விழுகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாகப் பிரியும்போது எடையில் இழப்பே இல்லை. ஆற்றலிலும் இழப்பு மிகச் சிறிது. லாக்டிக் அமிலத்துடன் எத்தனாலும் கார்பன் டைஆக்சைடும் உண்டாகும் வகையில் எடை 24 விழுக்காடு குறைந்தாலும், ஆற்றல் 2 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இழக்கப்படுகிறது. மாறாக, ஈரம் மிகுந்து அமிலம் போதாத நிலையில் கிளாஸ்டிரிடியம் வகை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தைப் பியூட்டிரிக் அமிலமாக மாற்றும்போது, எடையில் பாதியும் ஆற்றலில் சுமார் 18 விழுக்காடும் போய்விடுகின்றன. வெளியேறும் ஹைட்ரசனே இவ்வாற்றல் இழப்பிற்குக் காரணம்.

மாட்டுத் தீவனத்திற்கும் செரிகலன் இடுபொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெரிகிறது. பியூட்டிரிக் அமில நாற்றமுள்ள புல்லை மாடு ஒதுக்கும், செரிகலன் ஒதுக்காது. ஆனால் அதில் ஆற்றலின் ஒரு பகுதி முன்னரே காற்றில் கலந்துவிட்டது. செரிகலனுக்காக ஊறவைப்பவருக்குச் சுவை முக்கியமன்று. மூடும்போது இருந்த ஆற்றல் திறக்கும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம்.

ஊறவைப்பதால் மெத்தேன் விளைச்சல் வெகுவாகக் கூடுகிறது எனச் சில அளவீடுகள் காட்டுவதுண்டு. இதில் ஓர் அளவீட்டுப் பிழை மறைந்திருக்கக்கூடும். உலர்பொருளை அறிய மாதிரியை அடுப்பில் உலர்த்தும்போது, ஆவியாகும் அமிலங்களும் எத்தனாலும் நீருடன் சேர்ந்து வெளியேறிவிடுகின்றன. உலர்பொருள் உண்மையைவிடக் குறைவாகத் தெரிவதால், ஒரு கிலோவிற்கான விளைச்சல் கூடுதலாகத் தோன்றுகிறது. இதைத் திருத்திக் கணக்கிட்டால், ஊறவைத்தலின் உண்மையான பயன் விளைச்சலைப் பெருக்குவதைவிட இருப்பதைக் காப்பதே என்பது தெளிவாகும்.

செரிகலனில் நடப்பவை

செரிகலனில் புல்லின் செல்லுலோசு முதலிய பெரிய மூலக்கூறுகள் முதலில் நீராற்பகுப்பினால் சர்க்கரைகளாக உடைகின்றன. பின்னர் அவை கரிம அமிலங்களாகவும், அதன்பின் அசிட்டிக் அமிலம், ஹைட்ரசன், கார்பன் டைஆக்சைடு ஆகியனவாகவும் மாறுகின்றன. இறுதியில் மெத்தேனாக்கிகள் என்னும் நுண்ணுயிரிகள் இவற்றை மெத்தேனாக்குகின்றன. மெத்தேனாக்கிகள் மெதுவாக வளர்பவை, நடுநிலையான பி.எச். மதிப்பையே விரும்புபவை. பி.எச். 4 உள்ள ஊறுகாய்ப்புல்லைத் திடீரென மிகுதியாக இட்டால், அமிலம் குவிந்து வாயு நின்றுவிடும். எனவே சாணத்தில் இயங்கும் கலனில் சிறிது சிறிதாகவே புல்லைக் கூட்ட வேண்டும்.

புல்லை மட்டுமே நெடுங்காலம் இட்டால் கோபால்ட், நிக்கல், செலீனியம் போன்ற நுண்தனிமங்களின் பற்றாக்குறை ஏற்படலாம். சாணம் இவற்றை அளிப்பதுடன், அமிலத்தைத் தாங்கும் திறனையும் புதிய நுண்ணுயிரிகளையும் சேர்க்கிறது. ஆகையால் புல்லும் சாணமும் கலந்த செரிமானமே சிறு கலன்களுக்குப் பாதுகாப்பானது.

ஏற்ற புல்வகைகள்

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ(சிஎன்)4 இரகத்தை 2008இலும், கோ(பிஎன்)5 இரகத்தை 2012இலும் வெளியிட்டது. பாசன வசதியுடன் ஹெக்டேருக்கு ஆண்டிற்கு முறையே சுமார் 380 முதல் 400 டன், 360 டன் பசும்புல் விளைச்சல் இவ்விரகங்களுக்குக் கூறப்படுகிறது. முதல் அறுவடை நட்ட 75 முதல் 80 நாட்களிலும், அடுத்தவை சுமார் 45 நாட்களுக்கு ஒருமுறையும் செய்யப்படும். நாள் கடந்து முற்றினால் எடை கூடும். ஆனால் லிக்னின் மிகுந்து செரிமானம் குறையும்.

வெப்பமண்டலப் புற்களில் பொதுவாகக் கரையும் சர்க்கரை குறைவு, ஈரம் மிகுதி. இதனால் ஐரோப்பியப் புற்களைவிட இவற்றை ஊறவைப்பது கடினம். வெல்லப்பாகு சேர்ப்பதும், அறுத்தபின் சில மணி நேரம் வாடவிடுவதும் இக்குறையை ஈடுசெய்யவே.

உவர்நிலங்களில் நேப்பியரின் விளைச்சல் குறையும். உவர்ப்பைத் தாங்கும் புற்களுள் ரோட்ஸ் புல், நீர்தேங்கும் நிலத்திற்கேற்ற பாராப்புல், கர்னால் புல் ஆகியன குறிப்பிடத்தக்கவை. அரியானாவின் கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்துடன் தொடர்புடையது கர்னால் புல் என்ற பெயர். இதே புல் பாகிஸ்தானில் கல்லர் புல் எனப்படுகிறது. அங்கு இதிலிருந்து எரிவாயு உண்டாக்குவதும் ஆராயப்பட்டுள்ளது. உவர்நிலத்தில் வளர்ந்த புல் தன்னுள்ளும் உப்பைக் கொண்டிருக்கும் என்பதை மறக்கலாகாது.

செய்முறை

1. புல்லைப் பூக்கத் தொடங்கும் முன் அல்லது தொடங்கும் தறுவாயில் அறுக்க வேண்டும். மண் ஒட்டாமல் தரையிலிருந்து சற்று உயர்த்தி அறுப்பது நல்லது. மண்ணுடன் கிளாஸ்டிரிடியம் வித்துகளும், கலனின் அடியில் படியும் மணலும் வந்து சேரும்.

2. வெயிலில் சில மணி நேரம் வாடவிட்டு, உலர்பொருளை 25 முதல் 35 விழுக்காட்டிற்குக் கொண்டுவர வேண்டும். நறுக்கிய புல்லைக் கையில் இறுகப் பிழிந்தால் சாறு சொட்டக்கூடாது. கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிய வேண்டும்.

3. தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளத்திற்கு நறுக்க வேண்டும். செரிகலனில் மிதப்பதைத் தடுக்க, மாட்டுத் தீவனத்தைவிடச் சிறிதாக நறுக்குவது நன்று.

4. நேப்பியர் போன்ற புல்லாயின், 100 கிலோவிற்குச் சுமார் 2 கிலோ வெல்லப்பாகை நீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

5. சிறு அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் மிதித்து அல்லது வண்டியேற்றி இறுக்க வேண்டும். நன்கு இறுக்கிய குவியலில் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 700 கிலோ புல் அடங்கும்.

6. ஒரே நாளில் நிரப்பி, பாலித்தீன் தாளால் மூடி, மேலே மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும்.

7. குறைந்தது 30 முதல் 45 நாட்கள் திறக்கக்கூடாது. நன்கு ஊறிய புல் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இதமான புளிப்பு மணமும் கொண்டிருக்கும். பி.எச். தாளில் 4 அல்லது அதற்கு நெருங்கிய மதிப்பு காட்டும்.

மரக்காணம் கடற்கரையின் நிலைமைகள்

மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டரிலும் புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரிலும் உள்ள பேரூராட்சி ஆகும். இங்குள்ள உப்பளங்கள் பெயர் பெற்றவை. இதன் தென்மேற்கே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ச் சதுப்புநிலம் பரந்துள்ளது. இது மரக்காணத்தை ஒட்டிய கழிமுகத்தின் வழியாக வங்காள விரிகுடாவுடன் இணைகிறது. கழுவெளியின் சுமார் 5,151 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இப்பகுதியில் உப்பின் பருவமும் புல்லின் பருவமும் எதிரெதிரானவை. மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்செய்தபின், வெயில் காலம் முழுவதும் உப்பு வாரப்படுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளப் பணி நின்றுவிடுகிறது. புல் தழைப்பது அம்மழையினால்தான். மழைக்காலத்திலேயே ஊறவைத்தால் ஈரம் மிகுந்து புளிப்பு கெடும். ஆகவே மழை குறைந்து, புல் இன்னும் பசுமையாக இருக்கும் தை மாதத்தை ஒட்டிய வாரங்களே ஊறவைக்க ஏற்றவை. அப்போது மூடியதைச் சித்திரை முதல் ஆவணி வரையிலான வறண்ட மாதங்களில் பயன்படுத்தலாம்.

வெப்பநிலை இப்பகுதிக்குச் சாதகமானது. மிதவெப்பச் செரிமானத்திற்கு உகந்த சுமார் 35 பாகை செல்சியசை எட்ட, ஐரோப்பாவில் கலன்களைச் சூடாக்க வேண்டியுள்ளது. இக்கடற்கரையில் பெரும்பாலான மாதங்களில் அதற்குத் தேவையில்லை.

பாதகங்களும் உள்ளன. நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் இடங்களிலும் வெள்ளம் தேங்கும் இடங்களிலும் குழி வெட்டி ஊறவைத்தால், பக்கங்களிலிருந்து உவர்நீர் ஊறிப் புல் கெடும். எனவே மேட்டில் தரைக்கு மேலான குவியல், சிமெண்டுத் தொட்டி அல்லது தடித்த பாலித்தீன் பைகளே பொருத்தமானவை. புயல்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் அருகில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டியது. தாளில் ஏற்படும் ஒரு கிழிசல் ஒரு குவியல் முழுவதையும் கெடுக்க வல்லது.

சரணாலயத்திலுள்ள புல்லையும் சம்பையும் இடுபொருளாகக் கருதுவது தவறாகும். அவை பறவைகளின் வாழிடம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. வயல் வரப்பு, தென்னந்தோப்பின் ஊடுபயிர், நெல்லுக்கு உதவாத உவர்த் தரிசு ஆகியவையே புல் வளர்ப்பதற்கான இடங்கள்.

உப்பின் கணக்கு

மாட்டுத் தீவனமாக ஊறவைக்கும் வழக்கமான குறிப்புகளில், 100 கிலோ புல்லுக்குச் சுமார் 1 கிலோ உப்புச் சேர்க்கச் சொல்வதுண்டு. மாட்டிற்கு உப்பு தேவை, சுவையும் கூடுகிறது. செரிகலனுக்கோ சோடியம் சிறிதளவே தேவை. ஒரு லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் சோடியம் மெத்தேனாக்கிகளுக்கு நன்மை தரும்; 3.5 முதல் 5.5 கிராம் வரை மிதமான தடை ஏற்படும். 8 கிராம் அளவில் கடும் தடை ஏற்படும் என்பன நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள வழிகாட்டு அளவுகள் ஆகும். ஒப்பிட, கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 10.8 கிராம் சோடியம் உள்ளது.

உப்பின் எடையில் 39 விழுக்காடு சோடியம். ஒரு டன் புல்லில் 10 கிலோ உப்பிட்டால் 3.9 கிலோ சோடியம் சேர்கிறது. அந்தப் புல் செரித்து வாயு வெளியேறியபின் சுமார் 870 கிலோ குழம்பு எஞ்சும். சோடியம் வாயுவாக வெளியேறாது. முழுவதும் குழம்பிலேயே தங்கும். இதிலிருந்து மூன்று நிலைமைகளைக் கணக்கிடலாம்.

அ. ஒரு டன் சாணமும் ஒரு டன் நன்னீரும் சேர்த்தால், சேர்த்த உப்பினால் மட்டும் லிட்டருக்குச் சுமார் 1.4 கிராம் சோடியம். இது பாதுகாப்பானது.

ஆ. லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள உவர்க் கிணற்று நீரை ஒரு டன் மட்டும் சேர்த்தால் சுமார் 3.1 கிராம். இது எல்லையை நெருங்குகிறது. புல்லில் உப்பிடாதிருந்தால் இதே நிலையில் சுமார் 1 கிராமே இருக்கும்.

இ. நன்னீர்த் தட்டுப்பாட்டினால் புதுநீரே சேர்க்காமல், வெளிவரும் குழம்பின் நீரையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால், நாளடைவில் சுமார் 4.5 கிராம். இது தடை ஏற்படும் அளவிற்குள் வந்துவிடுகிறது.

மூன்றாவது நிலை எளிதில் ஏமாற்றக்கூடியது. முதல் சில வாரங்கள் கலன் நன்றாகவே இயங்கும். உப்பு மெல்லச் சேர்ந்து, மாதங்கள் கழித்தே வாயு குறையும். அப்போது புல்லின் மீது பழி விழும். மேலும், உலர்பொருளில் 2 விழுக்காடு பொட்டாசியம் எனக் கொண்டால், உலர்பொருள் 25 விழுக்காடுள்ள ஒரு டன் புல்லில் 5 கிலோ பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்திற்கு லிட்டருக்கு 2.5 முதல் 4.5 கிராம் என்பதே மிதமான தடையின் அளவு. எனவே உப்பிடாத புல்லுக்கும் ஓரளவு நன்னீரோ சாணமோ தேவை. படிப்படியாக உயரும் உப்பிற்கு நுண்ணுயிரிகள் ஓரளவு பழகிக்கொள்ளும். திடீர் மாற்றத்தையே அவை தாங்குவதில்லை.

உவர்நீரில் சோடியம் மட்டும் இல்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. கடல்நீர் கலந்த கிணற்று நீரிலும் இது ஓரளவு இருக்கும். சல்பேட்டைக் குறைக்கும் நுண்ணுயிரிகள் மெத்தேனாக்கிகளுடன் உணவிற்குப் போட்டியிட்டு, ஹைட்ரசன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது நச்சுத்தன்மை உடையது; அடுப்பையும் குழாயையும் அரிப்பது.

ஆகவே செரிகலனுக்காக ஊறவைக்கும் புல்லில் உப்புச் சேர்க்காமல் இருப்பதும், கலக்க மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதும் இக்கடற்கரைக்கு ஏற்ற எளிய விதிகள். இதற்கு வேறொரு காரணமும் உண்டு: செரித்த குழம்பு எருவாக வயலுக்கே திரும்புகிறது. புல்லில் இட்ட உப்பு இறுதியில் மண்ணைச் சேரும். ஏற்கெனவே உவர்ப்பினால் விளைச்சல் குறைந்த நிலத்திற்கு அது மேலும் கேடாகும்.

ஒரு வீட்டிற்கான கணக்கு

உலர்பொருள் 25 விழுக்காடும், அதில் கரிமப் பகுதி 88 விழுக்காடும் உள்ள ஒரு டன் ஊறுகாய்ப்புல்லில் 220 கிலோ கரிமப் பொருள் இருக்கும். நேப்பியருக்கு ஒரு கிலோ கரிமப் பொருளுக்கு 0.25 கன மீட்டர் மெத்தேன் எனக் கொண்டால் 55 கன மீட்டர் மெத்தேன், அதாவது சுமார் 100 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். ஒரு டன் மாட்டுச் சாணத்தில் கிடைப்பது சுமார் 40 கன மீட்டர்.

நான்கைந்து பேர் உள்ள வீட்டின் சமையலுக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர் எரிவாயு போதும். இதற்குச் சாணம் மட்டுமாயின் 50 கிலோவும், ஊறுகாய்ப்புல் மட்டுமாயின் 20 கிலோவும் தேவை. ஓராண்டிற்கு 7.3 டன் ஊறுகாய்ப்புல். வாடும் எடையையும் சேமிப்பு இழப்பையும் சேர்த்தால் 10 முதல் 11 டன் பசும்புல். நேப்பியருக்குக் கூறப்படும் விளைச்சல் கிடைத்தால் சுமார் 7 சென்ட் நிலம் போதும். பாதி விளைச்சலே கிடைக்கும் நிலத்தில் 13 சென்ட் தேவைப்படும்.

இங்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. திறந்த குவியலின் முகப்பிலிருந்து, வெப்பமான காலநிலையில் நாளொன்றுக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது எடுத்தால்தான் காற்றினால் கெடுவதை முந்தலாம். முகப்பு 2 சதுர மீட்டர் மட்டுமே உள்ள சிறு குவியலிலும், நாளொன்றுக்கு 20 கிலோ எடுத்தால் 2 சென்டிமீட்டர்கூட நகராது. குவியல் கெட்டே தீரும். எனவே ஒரு வீட்டளவில் பெருங்குவியல் பொருந்தாது. 50 கிலோ கொள்ளும் காற்றுப் புகாத பைகள் இரண்டரை நாட்களிலும், மூடியுள்ள 200 லிட்டர் பீப்பாய் ஐந்து நாட்களிலும் தீர்ந்துவிடும். பெருங்குவியல் ஊர்ப் பொதுக் கலனுக்கோ பண்ணைக்கோ உரியது.

கேடுகளும் பாதுகாப்பும்

ஈரமான புல்லை ஊறவைத்தால் கசிவுநீர் வடியும். அதன் உயிர்வேதி ஆக்சிசன் தேவை வீட்டுக் கழிவுநீரைப் போல நூறு மடங்கிற்கும் மேற்பட்டது. அது ஓடையில் கலந்தால் நீரிலுள்ள ஆக்சிசன் தீர்ந்து மீன்கள் மடியும். கழுவெளியை நோக்கி வடியும் நிலத்தில் இது குறிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டியது. கசிவுநீரைத் தொட்டியில் பிடித்துச் செரிகலனிலேயே இடலாம். அதிலும் எரிவாயு உண்டு.

மூடிய குழியிலும் தொட்டியிலும் கார்பன் டைஆக்சைடும் நச்சு நைட்ரசன் ஆக்சைடுகளும் தேங்கியிருக்கக்கூடும். செரிகலனில் ஹைட்ரசன் சல்பைடும் மெத்தேனும் இருக்கும். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் உயிரிழக்கும் நிகழ்வுகள் இத்தகைய இடங்களில் நேர்வதுண்டு. எக்காரணம் கொண்டும் தனியாகவோ, காற்றோட்டம் செய்யாமலோ உள்ளே இறங்கக்கூடாது.

தீவனமா, எரிபொருளா?

பசுந்தீவனப் பற்றாக்குறை உள்ள பகுதியில் மாட்டிற்குரிய புல்லை எரிபொருளாக்குவது சரியா என்பது நியாயமான கேள்வி. ஜெர்மனியில் மக்காச்சோளத்திற்கு வரம்பு விதிக்க நேர்ந்ததும் இத்தகைய போட்டியால்தான். நல்ல நிலத்தில் விளைந்த நல்ல புல் மாட்டின் வழியாகச் சென்றால், பாலும் தந்து, சாணமாகச் செரிகலனுக்கும் வந்து சேரும். மாடு உண்ணாத முற்றிய புல், தீவனத்தின் தேவைக்கு மிஞ்சிய பருவப் புல், வேறு பயிருக்கு உதவாத உவர்நிலப் புல் ஆகியவையே செரிகலனுக்கு நேரடியாக உரியவை எனக் கொள்ளலாம். ஊறவைத்தல் இந்தத் தெரிவிற்கும் உதவுகிறது: தை மாதத்தில் உப்பிடாமல் மூடிய பையைக் கோடையில் மாட்டிற்குத் தேவையெனில் மாட்டிற்கும், இல்லையெனில் செரிகலனுக்கும் திறக்கலாம். மாட்டிற்கு வேண்டிய உப்பைத் தீவனத் தொட்டியில் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். செரிகலனில் சேர்ந்துவிட்ட உப்பை எடுக்க எளிய வழி இல்லை.